கலைத் தொண்டும் கூலியும்

(காரைக்குடிப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், நாடகத்திலும் சினிமாவிலும் பாட்டிலும் ஆட்டத்திலும் ஜீவனம் செய்கிறவர்களையும், அவர்களை வைத்துப் பணம் சம்பாதிக்கிற கம்பெனிக்காரர்களையும் ஏஜெண்டுகளையும் பற்றியதாகும். "சாதியையும் சாமியையும் பற்றிப் பேச வேண்டியவர்கள் கூத்தாடிகளைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். கூத்தாடி என்ற வார்த்தையையே வசவாக வைத்திருக்கிற நாட்டில், அந்தக் கூத்தாடியின் மானத்தைப் பற்றிப் பேசுவது சுயமரியாதைக்காரர்களின் வேலையல்லாமல் வேறு யாருடைய வேலை?

தோழர்களே! எந்த வேலைக்குக் கூலி கொடுக்க மனமில்லையோ, அந்த வேலைக்கு முதலில் ஒரு புனிதமான பெயரைச் சூட்டிவிடுவது பழைய தந்திரம். தச்சன் இழைத்தால் அது வேலை, கூலி உண்டு. கொத்தன் சுவர் வைத்தால் அது வேலை, கூலி உண்டு. ஆனால் ஒருவன் பாடினால் அது தெய்வீகமாம். ஒருத்தி ஆடினால் அது அர்ப்பணமாம். நடித்தால் கலைத் தொண்டாம். தெய்வீகத்துக்கு யாராவது கூலி கேட்பார்களா? கேட்டால் பணத்தாசை பிடித்தவன், நன்றி கெட்டவன் என்று பட்டம் வந்துவிடும். மாலையைக் கழுத்திலே போட்டுவிட்டு, மடியிலே கைவிடுகிற காரியம் இது.

காரைக்குடிக்காரர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்ப் பேரேடு எழுதி ஐந்தொகை போட்டுப் பழகிய சீமை இது. ஆகவே கலை என்று சொல்லப்படுகிற இந்த வியாபாரத்துக்கும் ஒரு ஐந்தொகை போட்டு, வரவு யாருக்கு, பற்று யார் தலையில் என்று பார்த்துவிடுவோம்.

முதலாவதாகப் பாய்ஸ் கம்பெனிகளை எடுத்துக்கொள்வோம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918 ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பையன்களாக அதிலேதான் சேர்ந்தார்கள். எம்.ஜி. ராமச்சந்திரன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தார். நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த பி.யு. சின்னப்பாவும் பாய்ஸ் கம்பெனிப் பையன்தான். சிவாஜி கணேசன் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் சேர்ந்து பழகியவர். இவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய வயதில் கம்பெனி வீட்டில் இருந்தவர்கள்.

அந்தக் கம்பெனிகளில் நல்ல பயிற்சி கிடைத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. பாட்டு, வசனம், நடை, உச்சரிப்பு எல்லாம் அங்கே கற்றார்கள். ஆனால் என்ன விலை கொடுத்துக் கற்றார்கள்? வீட்டில் சோற்றுக்கு வழியில்லை. அதனால் தகப்பனோ தாயோ அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டுப் பையனை ஒப்படைத்தார்கள். கம்பெனி வீட்டில் சோறு உண்டு, துணி உண்டு, பிரம்பும் உண்டு. இரவு முழுதும் நாடகம், பகலிலே பாடம். ஊர் ஊராகக் கம்பெனி போகப் போக, தாய் தகப்பன் முகத்தை வருஷக்கணக்கில் பாராத பையன்கள் இருந்தார்கள். கொட்டகை நிரம்பி வழிந்தால் வசூல் முதலாளிக்கு. பையனுக்கு? கைதட்டல்.

அத்தோடு போயிற்றா? பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதாகும். குரல் உடையும். அதற்கு மகரக்கட்டு என்று பெயர். இயற்கையாக எல்லா ஆண் பிள்ளைகளுக்கும் நடக்கிற காரியம் இது. ஆனால் பாட்டே பிரதானமாயிருந்த அந்த மேடையில், நேற்று வரை ராஜபார்ட்டாகவும் ஸ்திரீபார்ட்டாகவும் நின்ற பையன் குரல் உடைந்த மறுநாள் கூட்டத்தில் ஒருவனாக நிற்க வேண்டும். அல்லது வெளியே போக வேண்டும். படிப்பும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது, கையில் காசும் இல்லை. இப்படிப் போனவர்களில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் பின்னால் பெரிய நடிகர்களானார்கள். அவர்கள் பெயரை நாம் அறிவோம். மற்றவர்கள் பெயர் என்ன? எந்தப் பேரேட்டிலும் இல்லை. ஜெயித்த நாலு பேரைக் காட்டி, தோற்ற நாலாயிரம் பேரை மறைப்பது லாட்டரிச் சீட்டுக்காரன் நியாயமல்லாமல் வேறென்ன?

இதற்குக் "குருகுலம்" என்று பெயர் சொன்னார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சட்டமே வேறு விதமாகச் சொல்லிற்று. 1872 ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1933 இல் வந்த சிறுவர் உழைப்பை அடகு வைத்தல் பற்றிய சட்டம், நியாயமான கூலியில்லாமல் பெற்றோர் பிள்ளையின் உழைப்பை எழுதிக்கொடுத்தால் அந்த எழுத்து செல்லாது என்றது. எழுதிக்கொடுத்த பெற்றோருக்கு 50 ரூபாய் வரையும், வேலை வாங்கினவனுக்கு 200 ரூபாய் வரையும் அபராதம் என்றும் வைத்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. பையன் கம்பெனி வீட்டில் இருந்தான்.

இரண்டாவதாகப் பெண்கள் சங்கதி. கோயிலிலே பொட்டுக்கட்டி, "இவள் தேவனுக்கு அடியாள், நித்தியசுமங்கலி" என்றார்கள். பெயரைக் கேட்டால் எவ்வளவு உயர்வு! பிழைப்பைப் பார்த்தால் எவ்வளவு தாழ்வு! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையிலும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தெருவிலும் மேடையிலும் போராடி, 1947 இல்தான் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவது சட்டப்படி ஒழிந்தது. அப்போதும் "கலை அழிந்துவிடும்" என்று அழுதவர்கள் உண்டு. கலை அழிந்ததா? இல்லை. கலைக்காக ஒரு வகுப்புப் பெண்கள் மானத்தைக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடுதான் அழிந்தது.

மூன்றாவதாக சினிமா. இந்த ஊருக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். ஏ.வி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ வைத்து, 1947 இல் "நாம் இருவர்" வெளிவந்தது. பிறகு ஸ்டூடியோ கோடம்பாக்கம் போயிற்று. நாடகக் கொட்டகையை விடப் பன்மடங்கு பெரிய முதல், பன்மடங்கு பெரிய லாபம் உள்ள தொழிலாக அது வளர்ந்தது. 1952 இல் தென்னிந்திய நடிகர் சங்கம் ஏற்பட்டது. ஆனாலும் கூட்டத்தில் ஒருவராய் வந்து நிற்கிற துணை நடிகருக்கும் முதலாளிக்கும் நடுவில் ஏஜெண்டு நிற்கிறார். ஆளைக் கூட்டி வருவதும் அவர், கூலியை வாங்கித் தருவதும் அவர், தம் பங்கைப் பிடித்துக்கொள்வதும் அவர். அவர் மனம் கோணினால் மறுநாள் வேலையில்லை.

பக்கத்து நாடான கேரளத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2017 இல் ஒரு நடிகை தாக்கப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா தலைமையில் சர்க்கார் ஒரு கமிட்டி வைத்தது. நடிகை சாரதாவும் அதில் ஓர் அங்கத்தினர். 2019 கடைசியில் அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அது வெளிவந்ததோ 2024 ஆகஸ்டில்! ஏறக்குறைய ஐந்து வருஷம் அலமாரியில் தூங்கிற்று. அதில் என்ன இருந்தது? வேலைக்காக உடம்பைக் கேட்கிறார்கள் என்று இருந்தது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லை என்று இருந்தது. படப்பிடிப்பு இடத்தில் கக்கூசும், துணி மாற்றும் அறையும் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள் என்று இருந்தது. கோடி ரூபாய் போட்டுப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு கக்கூஸ் கட்ட முடியவில்லை என்றால், இது பணமில்லாத குறையா, மனமில்லாத குறையா?

இது நம் நாட்டு வியாதி மட்டும்தானா என்று கேட்பீர்கள். கொரியா தேசத்தைப் பாருங்கள். இங்கே நம் வீட்டுப் பெண்களும் பையன்களும் செல்போனில் அந்தத் தேசத்துப் பாட்டுக்காரர்களைப் பார்த்துச் சொக்கிப்போகிறார்கள். அங்கேயும் கம்பெனிகள் சிறுவர் சிறுமிகளைச் சேர்த்து, விடுதியில் வைத்து, வருஷக்கணக்கில் பழக்குகின்றன. என்ன சாப்பிடுவது, எத்தனை மணிக்குத் தூங்குவது என்பதையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும். பழக்கின செலவைப் பிறகு அவர்கள் கணக்கிலேயே பற்று எழுதிப் பிடித்துக்கொள்வதும் உண்டு. நம் பாய்ஸ் கம்பெனிக்கு மின்சார விளக்குப் போட்டது போல் இல்லையா? 2009 இல் "டோங் பாங் ஷின் கி" என்ற ஐவர் குழுவில் மூவர், 13 வருஷ ஒப்பந்தம் அநியாயமென்று எஸ்.எம். கம்பெனி மீது கோர்ட்டுக்குப் போனார்கள். அதே வருஷம் அத்தேசத்து நியாய வியாபாரக் கமிஷன், ஏழு வருஷத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாதென்று மாதிரி ஒப்பந்தம் வகுத்தது. கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று கேளுங்கள். 2024 இல் நியூஜீன்ஸ் குழுவைச் சேர்ந்த ஹன்னி என்ற இளம்பெண், வேலையிடத்தில் தம்மை அவமானப்படுத்தினார்கள் என்று அந்நாட்டுப் பார்லிமெண்டுக் கமிட்டி முன் சாட்சி சொன்னார். தொழில் இலாகாவின் பதில் என்ன? இவர் தொழில் சட்டப்படி தொழிலாளி அல்லர். ஆகவே அந்தச் சட்டம் இவருக்குப் பொருந்தாது என்பதுதான். தோழர்களே! நாம் ஆரம்பத்தில் சொன்னது இங்கே வந்து நிற்கிறதா இல்லையா? அங்கே "நட்சத்திரம்" என்கிறார்கள். இங்கே "கலைத் தொண்டர்" என்கிறார்கள். எதைச் சொன்னாலும் சொல்வார்கள். தொழிலாளி என்று மட்டும் சொல்லமாட்டார்கள். ஏனென்றால் தொழிலாளி என்று சொல்லிவிட்டால் வேலை நேரம் உண்டு, கூலி உண்டு, ஓய்வு உண்டு, கேள்வி கேட்க உரிமை உண்டு.

நிற்க, இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். தூர தேசத்து முதலாளியைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவது சுலபம். பங்குனி, சித்திரை வந்தால் இந்த வட்டாரத்துக் கிராமங்களில் ஸ்பெஷல் நாடகம், கரகாட்டம், ஆடல் பாடல் எல்லாம் வைக்கிறீர்கள். ஏஜெண்டிடம் மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு விடிய விடியப் பார்க்கிறீர்கள். அந்தப் பணத்தில் ஆர்மோனியக்காரருக்கு எவ்வளவு, பபூனுக்கு எவ்வளவு, டான்ஸ் ஆடுகிற பெண்ணுக்கு எவ்வளவு என்று என்றைக்காவது கேட்டதுண்டா? அந்தப் பெண் துணி மாற்ற மறைவான இடம் கொடுத்தோமா? மேடையில் ஏறி ரூபாய் நோட்டைக் குத்துகிற சாக்கில் கையைப் பிடிக்கிற போக்கிரியை எந்த விழாக் கமிட்டியாவது இறக்கிவிட்டதா? சாமிக்குப் பட்டு வாங்குகிறோம். பாடுகிறவளுக்குப் பஸ் சத்தம் கொடுக்கப் பேரம் பேசுகிறோம். இதில் கம்பெனிக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

சிலர் சொல்லுவார்கள்: "அவர்கள் இஷ்டப்பட்டுத்தானே வந்தார்கள்?" பட்டினி தள்ளிக்கொண்டு வந்ததை இஷ்டம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? "புகழ் கிடைக்கிறதே" என்பார்கள். புகழைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு அரிசி கொடுப்பாரா? "எல்லாம் அவரவர் தலையெழுத்து" என்பார் இன்னொருவர். தலையில் யாரும் எழுதவில்லை, தோழர்களே! எழுதினது எல்லாம் அக்ரிமெண்டில்தான். அதை எழுதினவன் மனிதன். அதை மாற்றி எழுதவும் மனிதனால் முடியும்.

ஆகவே நாம் என்ன செய்யவேண்டும்? ஒன்று, பிள்ளைகளை டெலிவிஷன் பாட்டுப் போட்டிக்கும் சினிமாவுக்கும் அனுப்புகிற பெற்றோர் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016 இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, 2017 இல் விதிகள் செய்தார்கள். அதன்படி நடிக்கிற குழந்தையிடம் ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணிக்கு மேல் கூடாது. ஜில்லா அதிகாரியின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவிகிதம் குழந்தை பெயரில் பாங்கில் போட வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள். மற்றதையும் தின்றுவிடாதீர்கள், அது பிள்ளையின் வேர்வை.

இரண்டு, படித்துப் பார்க்காத எழுத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை வருஷம், எவ்வளவு பணம், எப்போது விலகலாம் என்ற மூன்றும் இல்லாத ஒப்பந்தம் ஒப்பந்தமல்ல; விலங்கு.

மூன்று, விழாக் கமிட்டிக்காரர்கள் ஏஜெண்டுக்கு உரிய தரகைத் தனியாகக் கொடுத்துவிட்டு, கலைஞர்கள் கூலியை அவரவர் கையில் கொடுக்கட்டும். துணி மாற்ற அறையும், கக்கூசும், திரும்பிப் போக வண்டியும் ஏற்பாடு செய்யாத கிராமத்துக்கு நாடகம் எதற்கு?

நான்கு, கலைஞர்களே சங்கமாகச் சேர வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்களுக்குச் சர்க்கார் நல வாரியம் இருக்கிறது, அதில் பதிந்துகொள்ளுங்கள். "நாங்கள் கலைத் தொண்டர்கள்" என்று சொல்வதை விட்டு, "நாங்கள் தொழிலாளிகள்" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அதில் கேவலம் ஒன்றுமில்லை. உழைக்காமல் தின்கிறவனுக்குத்தான் கேவலம்.

தோழர்களே! நாம் கலைக்கு விரோதிகள் அல்லர். ஆடுகிறவனும் பாடுகிறவளும் நம்மைப் போல் வயிறும் மானமும் உள்ள மனிதர்கள் என்பதை ஒப்புக்கொள்ளாத ரசனை ரசனையல்ல என்பதுதான் நம் அபிப்பிராயம். வருகிற சித்திரையில் உங்கள் ஊரில் நாடகம் வைக்கும்போது, திரை தூக்குவதற்கு முன் ஏஜெண்டைக் கூப்பிட்டு, "யாருக்கு எவ்வளவு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நாம் சொன்னவற்றை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் சொந்த அறிவைக்கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் நடத்துங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.