அட்டை கெட்டதா, கணினி கெட்டதா?

(கோத்தா கோலா மூடா வட்டாரத் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை என்னும் கணினியை உங்கள் பிள்ளைகள் சிலர் அறிவர். மாணவர் பயிலவென்று 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தில் குறைந்த விலைக்கு வெளியிடப்பட்டது அது. மாலை இடிமழையில் மின்சாரம் நின்று திரும்பியபின், அதன் திரை கறுத்தே நின்றால், வேறொன்று வாங்கப் பணம் தேடாதீர்கள். முதலில் ஐயுற வேண்டியது, அதில் செருகியுள்ள விரல்நக அளவு நினைவட்டையைத்தான்.

கணினியை இயக்கும் கட்டளைகளும் பிள்ளையின் பாடங்களும் அந்த ஓர் அட்டையிலேயே தங்கியுள்ளன. பால்மரத்தைச் சீவுந்தோறும் சிறிது பட்டை செலவாவதை நீங்கள் அறிவீர்கள். அட்டையும் அவ்வாறே, அழித்தெழுதுந்தோறும் சிறிது தேய்கிறது. மரத்திற்கு மறுபட்டை வளரும், அட்டைக்கு வளராது. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் அறுந்தாலோ, புதிய அட்டையும் குலைந்துபோகும்.

நான்காம் வகை வரையிலான பெரிய பலகைகளில் இரு விளக்குகள் உண்டு. சிவப்பு எரிந்து பச்சை சிறிதும் மின்னாவிடில், அட்டை படிக்கப்படவில்லை எனலாம். பச்சை நான்கு அல்லது ஏழு முறை விட்டுவிட்டு மின்னினால், தொடக்கக் கோப்பு காணப்படவில்லை என்பது பொருள். கடலோரத்தின் உப்புக்காற்று படும் இடமாதலால், அட்டையைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் செருகிப் பாருங்கள். பயனில்லையேல், இயங்குதளம் பதித்த வேறோர் அட்டையைச் செருகுங்கள். கணினி எழுந்தால் அதற்குக் குறையில்லை.

பழைய அட்டையை எறிந்துவிடாதீர்கள். விண்டோஸ் கணினியில் அதைச் செருகினால், 'ஃபார்மட்' செய்யவா என்று கேட்கும். அட்டையின் ஒரு பகுதியை விண்டோஸால் படிக்க இயலாமையே அதற்குக் காரணம். ஒப்புக்கொண்டால் பிள்ளையின் உழைப்பு அழிந்துபோகலாம், மறுத்துவிடுங்கள். புதிய அட்டையில் எழுந்த அதே ராஸ்பெரி பையில், அட்டைபடிப்பான் மூலம் பழையதை இணைத்து, வேண்டியவற்றை முதலில் படியெடுங்கள். பழுதுபார்ப்பது பிறகு.

திரையின் வலது மேல்மூலையில் மஞ்சள் மின்னல் குறி தோன்றினால், மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதென்று அறிக. கைத்தொலைபேசியின் மெல்லிய கம்பியை விடுத்து, உரிய மின்னூட்டியை வாங்குங்கள். இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அட்டைகளில், மேலே அச்சிட்ட கொள்ளளவு உள்ளே இல்லாதவையும் உண்டு.

வாரந்தோறும் பாடங்களை விரலியில் படியெடுக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வானம் இருண்டால், திரையில் நிறுத்தக் கட்டளை கொடுத்து, பச்சை விளக்கு ஓய்ந்த பின்னரே மின்கம்பியைக் கழற்றச் சொல்லுங்கள்.