கோல் அடித்த பையனின் பெயர்



ஊருக்கு உழைத்தவர் யார் என்று கேட்டால் ஆசிரியரைச் சொல்வார்கள், டாக்டரைச் சொல்வார்கள், கோயில் தலைவரைச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கொளுத்தும் வெயிலில், தோட்டத் திடலில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறாரே, அந்த விளையாட்டு நிருபரை யாராவது சொல்வார்களா?

தெலுக் இந்தானை எடுத்துக்கொள்ளுங்கள். 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நோவா ஸ்கோஷியா, ரூபானா, சபராங் என்று அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் நடந்த காற்பந்தும் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியும் யாருக்குத் தெரியும்? ஈப்போவிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிக்கொண்டு ஒரு தோட்டத்து ஆட்டத்துக்கு யார் வரப்போகிறார்கள்? ஊர் நிருபர்தான் வர வேண்டும்.

அவர் பெரும்பாலும் பகுதிநேர நிருபர். காலையில் ஒரு வேலை, மாலையில் செய்தி. அச்சில் வந்தால்தான் செய்திக்கும் படத்துக்கும் ஏதோ ஒரு தொகை. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றினால் அதுவும் கரைந்துவிடும். ஒரு காலத்தில் படச்சுருளை உறையில் போட்டுக் கோலாலம்பூர் பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும். கோல் கணக்கை டெலிபோனில் கத்திச் சொல்ல வேண்டும். இத்தனை பாடும் பத்து வரிச் செய்திக்காக!

அந்தப் பத்து வரி என்ன செய்யும்? தெலுக் இந்தானுக்குப் பக்கத்தில்தான் தாப்பா. அங்கே பிறந்த எம். ராஜாமணி 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். அதே ஆண்டு, நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை என்ற விருதை முதன்முதலில் பெற்றார். தங்கம் வாங்கிய பிறகு எழுத எல்லாரும் வருவார்கள். ஆனால் எந்தப் பிள்ளையும் நேராகப் போய் பேங்காக்கில் இறங்குவதில்லை. பள்ளித் திடல், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். முதல் படியில் நிற்கும் பிள்ளையின் பெயரை எழுதுகிறவர் ஊர் நிருபர்.

இன்னொன்றையும் சிந்தித்துப் பாருங்கள். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் எம். ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை 49 ஆண்டுகள் நிலைத்தது. நிலைத்ததற்கு அவருடைய கால் காரணம். அது இன்றைக்கும் தெரிவதற்கு, சரியாக எழுதி வைத்த கை காரணம். ஒலிம்பிக்குக்குப் பதிவேடு உண்டு. தோட்டப் பள்ளி ஓட்டத்துக்கு? நாளிதழில் வந்த அந்த நாலு வரிதான் பதிவேடு.

இதில் நிருபர் மேலும் குறை உண்டு, மறைக்க வேண்டாம். கிண்ணம் கொடுத்த பிரமுகர் பெயர் பட்டத்தோடு முதல் வரியில் வரும். நன்கொடையாளர் பெயர் இரண்டாம் வரியில் வரும். கோல் அடித்த பையன் பெயர்? இடமில்லை! படத்தில் பையன் நிற்பான். படத்துக்குக் கீழே 'வெற்றி பெற்ற குழுவினர்' என்று இருக்கும். ஐயா, பிரமுகருக்கு அது நூறாவது படம். பையனுக்கு அதுதான் முதல் படம். ஒரே தோட்டத்தில் மூன்று முனியாண்டி இருப்பார்கள். அப்பா பெயரின் முதலெழுத்தையும் கேட்டு எழுதுகிறவர்தான் நல்ல நிருபர்.

எதிரணி நண்பர் கேட்டார், இப்போது எல்லாரும் கைப்பேசியில் படம் போடுகிறார்களே, நிருபர் எதற்கு என்று. படம் வருகிறது, உண்மைதான். எந்த ஆண்டு, எந்தத் திடல், யார் அடித்த கோல் என்று அதில் இருக்கிறதா? கைப்பேசி மாறினால் படமும் போய்விடும்.

தோட்டங்கள் கைமாறின, சனங்கள் பட்டணத்துக்குப் போனார்கள், எத்தனையோ திடல்கள் இல்லாமல் போயின. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது. திடலும் போய், அதைப் பற்றி எழுதிய ஏடும் போனால், அங்கே ஓடிய பிள்ளைகள் ஓடினார்கள் என்பதற்கு என்ன சாட்சி?

ஆகவே ஒரு வேண்டுகோள். போட்டி நடத்தும் மன்றங்களே, பிரமுகருக்கு மாலை வாங்கும்போது, விளையாடும் பிள்ளைகளின் முழுப் பெயர்ப் பட்டியலையும் நிருபர் கையில் கொடுங்கள். நாளிதழ் நடத்துகிறவர்களே, அவர் வண்டி எண்ணெய்க்காவது கணக்குப் பாருங்கள். பள்ளிகளே, வந்த செய்தியை வெட்டி, தேதி எழுதி, ஒட்டி வையுங்கள்.

பெற்றோர்களே, வீட்டுப் பெட்டியில் பழுத்துப்போன நாளிதழ்த் துண்டு ஏதாவது இருந்தால் இன்றிரவு எடுத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் பெயர் அதில் இருக்கும். எழுதியவர் பெயர் இருக்காது. எழுதியவரை எங்காவது கண்டால் ஒரு வணக்கம் சொல்லுங்கள்.