கல்லில் எழுதவேண்டிய பெயர்
(கல்மண்டபத்தில் நடைபெற்ற வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் கல்மண்டபம் என்னும் இவ்விடத்தின் பெயரே ஒரு கட்டடத்தின் பெயர்தான். கட்டடம் அழிந்தாலும் பெயர் சிலகாலம் வாழும். பெயரும் மறையுமானால், அங்கே வாழ்ந்தவர்கள் இருந்ததற்கே சான்றில்லாமற் போகும். அதனைத் தடுக்கவே நகரங்களில் நினைவுக்கற்களும் பலகைகளும் வைக்கப்படுகின்றன.

இலண்டன் மாநகரில் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் 1867ஆம் ஆண்டு நினைவுப்பலகை பதித்தனர். 1889இல் அவ்வீடே இடிக்கப்பட்டது. எனினும் அவ்வழக்கம் நின்றுவிடவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1921-22இல் தங்கியிருந்த இலண்டன் இல்லத்தில் இன்று அவர் பெயர் தாங்கிய பலகை இருக்கிறது.

நம் சென்னைக்கு வருவோம். கோட்டைக்கு வடக்கே, இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் பகுதியில், பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். அதன்பின், பகைவர்க்கு மறைவிடமாகக் கூடாதென்று அந்நகரத்து வீடுகள் படிப்படியாக இடிக்கப்பட்டன. அவ்வெளியில் இனி எவரும் கட்டடம் எழுப்பலாகாது என்பதற்கு அடையாளமாக, கம்பெனியார் 1773இல் ஆறு தூண்களை நாட்டினர். எஞ்சிய ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தில் உள்ளது. அது கோட்டைவெளியின் எல்லையைச் சொல்கிறது. வீடிழந்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கல் நாட்டியவர் எழுதியதே நிலைத்தது.

இளைஞர்களே! நம் முன்னோர் கட்டியவை மாளிகைகள் அல்ல, ஓலைக்கூரைகள். துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒரு பெரியவர், நம் குடியிருப்பின் கீழைக்கோடியில் கீற்றுக்கொட்டகை அமைத்து இரவுப்பள்ளி நடத்தினார். அரிக்கேன் விளக்கொளியில் நான் எழுத்தறிந்தது அங்கேதான். சாலையை அகலப்படுத்தியபோது கொட்டகை போயிற்று. இன்று அவ்விடத்தில் லாரிகள் நிற்கின்றன. அவரை "வாத்தியாரையா" என்றே அழைத்தோம். அவர் மறைந்து பல்லாண்டுகளாயின. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிய எனக்கு, என் முதல் ஆசிரியரின் முழுப்பெயர் தெரியாது. இதனை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே, வெள்ளிவிழாவின் நினைவாக அவ்விடத்தில் ஒரு கல் நாட்டுவோம். "அப்பணத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கலாமே" என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். புத்தக நிதியில் ஒரு காசும் எடுக்கவேண்டாம். கல்லுக்கு என் ஒருமாத ஊதியத்தைத் தருகிறேன். நீங்கள் தரவேண்டியது உழைப்பு.

முதியோரிடம் சென்று கேளுங்கள். பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது? கீற்றும் மூங்கிலும் கொடுத்தவர் யார்? விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர் யார்? ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயமுள்ள ஆண்டைப் பொறிக்காதீர்கள். பொய் சொல்லும் கல்லைவிடக் கல் இல்லாமையே மேல். கடலோர உப்புக்காற்றில் தகரப்பலகை துருவேறும், கருங்கல்லே தகும். சாலையோரம் ஆதலால் மாநகராட்சியின் அனுமதியும் பெறவேண்டும்.

அக்கொட்டகையில் படித்த மூதாட்டியர் இருவர் இவ்வவையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். நாளை என்று தள்ளாமல், இன்று மாலையே அவர்களிடமிருந்து தொடங்குங்கள். வாத்தியாரையாவின் பெயரை முதலில் எனக்கு வந்து சொல்லுங்கள்.