குறிச்சொல்லும் கூறியது கூறலும்



இணையத்தில் ஒன்றைத் தேடுவோர் தேடுபொறியில் இடும் சொல்லே குறிச்சொல். அச்சொல்லைப் பக்கத்தில் எங்கு, எவ்வளவு அமைப்பது என்பது நெடுநாள் வினா.

1990களில் தேடுபொறிகள் பல, ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதற்குப் பெருமதிப்பு அளித்தன. வணிகர் சிலர் அதனை அறிந்துகொண்டனர். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால், படிப்போர் கண்ணுக்குப் புலனாகாதவாறு, ஒரே சொல்லை அடுக்கி நிரப்பினர். பொறி ஏமாந்தது, அதை நம்பித் தேடியவரும் ஏமாந்தார்.

கேம்பிரிட்ஜ் அறிஞர் காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972ஆம் ஆண்டிலேயே வேறொரு நெறியை வகுத்திருந்தார். ஆவணங்கள் பலவற்றிலும் வரும் சொல்லுக்கு எடை குறைவு; சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கே எடை மிகுதி. ‘பூ’ என்பதினும் ‘குறிஞ்சிப்பூ’ வழிகாட்டும் அன்றோ?

பக்கத்தின் உள்ளே மறைவாக எழுதிவைக்கும் குறிச்சொற் பட்டியலைத் தரவரிசைக்குக் கொள்வதில்லை என்று கூகுள் நிறுவனம் 2009இல் அறிவித்தது. சொல்லைத் திணித்து நிரப்புதலை அது விதிமீறலாகவே கருதுகிறது. கூறியது கூறலை நன்னூலார் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்தார். பொறிகள் அதனைக் காலம் தாழ்த்தியே கற்றன.

ஆகவே, தேடுவோர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகக் கவிதையின் சொல்லை மாற்ற வேண்டுவதில்லை. ‘மௌனம்’ என்று மட்டும் தலைப்பிட்ட கவிதை அதே தலைப்புடைய எண்ணற்ற பக்கங்களிடையே மறைந்துபோகலாம். கவிஞர் பெயர், நூற்பெயர், பாடுபொருள் ஆகியவற்றைப் பக்கத்தின் தலைப்பிலும் முன்னுரையிலும் தெளிவுற எழுதினால் போதும். அறிவிக்கும் கடமை முன்னுரைக்கு உரியது. கவிதை தன் சொல்லோடு நிற்கட்டும்.