பாதம் காப்போம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் மருத்துவர் அல்லோம். ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர். எனினும், எம் இல்லத்தில் நேர்ந்த தவறு பிற இல்லங்களில் நேராதிருத்தல் வேண்டும் என்று செயலாளர் வற்புறுத்தியமையால் இம்மேடையில் நிற்கின்றோம்.

எம் துணைவியாரின் வலக்காற் பெருவிரலின் அடியில், உட்பக்கமாக ஒரு புடைப்புத் தோன்றிற்று. காலாணி என்றே கருதினோம். ஈராண்டுகள் பிளாஸ்திரி ஒட்டினோம், வேப்பெண்ணெய் தடவினோம். புடைப்புக் குறையவில்லை; வலிதான் வளர்ந்தது. சென்ற ஆண்டு விழாக் கோலப் போட்டிக்கு அவர் வாராமைக்குக் காய்ச்சல் என்று காரணம் கூறினோம். உண்மையில், செருப்பணிந்து இம்மண்டபம் வரை நடக்க அவரால் இயலவில்லை.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிய பின்னரே எமக்குத் தெளிவு பிறந்தது. ஆங்கிலத்தில் இதனைப் 'பனியன்' என்கின்றனர். நாம் சட்டைக்குள் அணியும் பனியனன்று! புதிதாக முளைத்த கட்டியும் அன்று. பெருவிரல் அடுத்த விரலை நோக்கிச் சாய்கிறது. அதனைத் தாங்கும் பாத எலும்போ எதிர்ப்பக்கமாக விலகுகிறது. விலகிய எலும்பின் தலையே புடைப்பாகத் தெரிகிறது. தண்டவாளம் விலகியிருக்கச் சக்கரத்துக்கு எண்ணெயிட்டு என்ன பயன்?

இதற்குக் காரணங்கள் பல. குடும்பவழி வரும் பாத அமைப்பு ஒன்று. மூட்டு நார்களின் தளர்ச்சியும் முடக்குவாதமும் வேறு சில. முனை குறுகிய காலணியும் உயர்ந்த குதியும் தீங்கை மிகுவிக்கும். பெண்டிர்க்கே இது மிகுதி. ஹாங்காங்கில் நிகழ்ந்து 1958-இல் வெளியான ஓர் ஆய்வில், காலணி அணிந்தோரில் 100-க்கு 33 பேரிடம் இச்சாய்வு காணப்பட்டது. அணியாதோரில் 100-க்கு இருவரிடங்கூட இல்லை. கேம்பிரிட்ஜ் நகரில் அகழ்ந்தெடுத்த பழைய எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021-இல் அறிஞர் வெளியிட்ட செய்தியும் கருதத்தக்கது. 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தோரில் 6 விழுக்காடாக இருந்த இக்குறை, கூர்முனைக் காலணி நாகரிகம் பரவிய 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் 27 விழுக்காடாயிற்று.

அகன்ற காலணியும் மெத்தென்ற அணையும் வலியைத் தணிக்கும், விரலை நிமிர்த்தமாட்டா. வலி தணியாதபோதே அறுவை தேவை. அழகுக்காக மட்டும் செய்துகொள்ளுதல் தகாது. முன்னாளில் நீளக் கீறி எலும்பைத் திருத்தினர். இன்றும் சிலர்க்கு அம்முறையே ஏற்றது. புதுமுறையில் சில மில்லிமீட்டர் அளவே துளையிடுகின்றனர். அதன்வழி நுண்ணிய சுழற்கருவியைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே எலும்பை வெட்டி, நேராக நகர்த்தித் திருகாணியால் பிணைக்கின்றனர். பெரும்பாலோர் கெட்டியான அடியுடைய தனிக்காலணி அணிந்து அன்றோ மறுநாளோ அடியெடுத்து வைக்கின்றனர். ஏறத்தாழ ஆறு வாரம் அக்காலணி வேண்டும். வீக்கம் வடியப் பல மாதமாகும்.

இது மந்திரமன்று. தழும்பு சிறிது; தொடக்க வலியும் குறைவு. நாளடைவில் கிட்டும் பலன் பழைய முறையை ஒத்ததே. விரல் மரத்துப்போதலும், சாய்வு மீளுதலும் சிலர்க்கு நேர்வதுண்டு. ஆதலின் இம்முறையில் நன்கு பயின்றவரையே நாடுதல் வேண்டும்.

தாய்மார்களே! குழந்தைகளுக்குப் பள்ளிக் காலணி வாங்குங்கால், மாலையில், நிற்கவைத்து அளவு பாருங்கள். விரல்கள் விரிய இடமிருத்தல் வேண்டும். அண்ணன் காலணி புதிதாயிருக்கிறதே என்று தம்பியின் காலைத் திணிக்காதீர்கள். வலியை மறைக்கவும் வேண்டா, எம் துணைவியார் மறைத்தார், யாமும் பொய்க்காரணம் கூறினோம், ஈராண்டுகள் வீணாயின.

அறுவை முடிந்து ஏழு திங்கள் ஆயின. இன்று இம்மண்டப வாயிலில் நீங்கள் மிதியாமல் சுற்றி வந்த கோலம் அவர் இட்டதே.