மாற்றுச் சான்றிதழ் இல்லாத பிள்ளை



தொடக்கக் கல்வி யாவர்க்கும் இலவசமாதல் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவை 1948இல் மனித உரிமைப் பிரகடனத்தின் 26ஆம் பிரிவில் அறிவித்தது. 2030க்குள் அனைவர்க்கும் தரமான கல்வி என்று 2015இல் குறிக்கோளும் வகுத்தது. அக்குறிக்கோள் நம் பெங்களூரில் எங்கே தடைப்படுகிறது?

இரயில் நிலையத்தில் எழுத்தர் பணி புரியும் நாம் நாள்தோறும் காண்பது இது: தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் கட்டட வேலைக்கு வருவோர், பாத்திர மூட்டையோடு பிள்ளைகளையும் இறக்குகின்றனர். மூட்டைக்கு எங்கேனும் இடம் கிடைத்துவிடுகிறது. பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்டாலோ, “மாற்றுச் சான்றிதழ் எங்கே?” என்ற வினா எழுகிறது. சீட்டுக் கேட்பது இரயிலுக்குப் பொருந்தும், பள்ளிக்குப் பொருந்தாது!

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். சான்றிதழ் வரத் தாமதம் என்று அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கலாகாது என்பது 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லையென்றும் மறுக்கலாகாது என்பது 14ஆம் பிரிவு. இடையில் படிப்பு நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தரச் சொல்வது 4ஆம் பிரிவு. இவை அந்தப் பெற்றோரில் எத்தனை பேர் செவிக்கு எட்டின?

கன்னடம் தெரியாதே என்று அவர்கள் தயங்குவர். பிள்ளைகள் சில திங்களில் பேசிவிடும். பெரியவர்களாகிய நம் கன்னடம் வேறு கதை!

இங்கே கன்னடம் எழுத வல்லோர் பலர் இருக்கின்றீர்கள். புதிதாய் வந்த குடும்பத்தோடு சென்று, தலைமையாசிரியரிடம் இப்பிரிவுகளைப் பணிவுடன் எடுத்துரைத்து, விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுங்கள். ஆண்டின் நடுவிலும் செல்லலாம். 15ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.