வலியை நம்ப மறுத்தல்



அரிவாள் செல் சோகையில் சிவப்பணுக்கள் வளைந்து விறைத்து, நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். அப்போது எலும்புக்குள் எழும் கடும் வலிக்கு மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் தேவைப்படும். அமெரிக்காவில் இந்நோயாளிகளில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவசரப் பிரிவில் தனக்கு வேண்டிய மருந்தையும் அளவையும் சரியாகச் சொல்பவரைப் 'போதைக்கு வந்தவர்' என்று சந்தேகிக்கிறார்கள்.

2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் பாதிப் பேர், கறுப்பரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். அதே ஆண்டு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஓபியாய்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. இந்நோயாளிகளுக்கு மருந்தை மறுக்க அது எழுதப்படவில்லை என்று 2019இல் அம்மையமே விளக்க நேர்ந்தது.

அடிமையானவரே இல்லை என்று நான் சொல்லவில்லை. உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. அடிமையானாலும் அதுவும் நோய்தான். அதற்குத் தரும் பியூப்ரெனார்ஃபின் வலியையும் தணிக்கும். அவருக்கு இரண்டு நோய்க்கும் சிகிச்சை வேண்டும்.

நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் 1952இலேயே கண்டறியப்பட்டது. ஒருவர் சொல்லை நம்ப மறுப்பதும் தீண்டாமைதான் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் வலி என்றால் முதலில் வலியைத் தணியுங்கள் என்று நம் மருத்துவமனைகளில் கேட்போம்.